ஒரு மணி நேரம் நீண்டுபோன கேட்டை

மந்தைவெளி, சென்னை-28
24-11-1996, ஞாயிற்றுக்கிழமை

அடையாறு காந்தி நகரில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமான் ஆராவமுதன் ஸ்வாமிக்கு, வருகிற தை மாதம் உங்களுக்குச் சம்பந்தியாகப் போகிற, அல்லது இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஆகாமல் போகப்போகிற, ரங்கபாஷ்யம் தெண்டன் ஸமர்ப்பித்து எழுதிக்கொள்வது. இங்கே என் அகமுடையாள் ஜலஜா சௌக்கியம். பெண் மஹதி சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. ஜுரம், தலைவலி ஒன்றும் கிடையாது, வெட்கம்தான். அதற்கு டாக்டரிடம் மருந்து இல்லை என்பதால் உங்களிடம் வருகிறேன். தேவரீர் திருமேனி பாங்காக இருக்கவேண்டும் என்று தினமும் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இதைக் கடித மரியாதைக்காக எழுதவில்லை. உங்கள் ஆரோக்கியத்தில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு, காரணம் கீழே வருகிறது.

முதலில் மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எங்கள் தெருவில் முழங்கால் ஜலம், ஆட்டோக்காரன் வரமாட்டேன் என்கிறான், என்றெல்லாம். பின்னால் நின்று எட்டிப் பார்த்த ஜலஜா, "மழையைப் பத்திச் சொல்றதுக்கா இன்லண்ட் லெட்டர் போறாதுன்னு வெள்ளைப் பேப்பர் வாங்கிண்டு வந்தேள்? விஷயத்துக்கு வாங்கோ" என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

மாசி மாதம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கபாலி நடத்துகிற கல்யாணத் தகவல் மையம் வழியாக மஹதியின் ஜாதகத்தை உங்களுக்கு அனுப்பினேன். அதை நம்பித்தான் சித்திரையில் பெண் பார்க்க வந்தீர்கள், ஆவணியில் உங்கள் மூத்த குமாரன் சிரஞ்சீவி ஸ்ரீவத்சனுக்கு நிச்சயம் பண்ணித் தட்டு மாற்றிக்கொண்டோம். அந்த ஜாதகத்தில் பெண்ணின் நட்சத்திரம் கேட்டை என்று என் கையெழுத்தில் இருக்கும். அது பொய். அவள் நட்சத்திரம் மூலம்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்பு தீர்த்தம் குடித்துவிட்டு வந்தேன். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பது ஊர் வாய். மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பது நம் ஜனங்களின் தீர்மானம். இந்த இடத்தில் மாமனார் என்றால் நீங்கள். அதாவது, உங்கள் ஆயுசு விஷயத்தை உங்களிடமே மறைத்து, உங்கள் கையாலேயே வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மேலே ஏன் அத்தனை அக்கறையாக விசாரித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் முழுக்கத் தெரியாது. அம்பத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன். ஒரு தண்டு தலைமுடி அளவுக்குக் கூடக்குறைய இருந்தாலும் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு அங்கே ரிஜெக்ட் ரங்கபாஷ்யம் என்று பெயர். என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள், எனக்கும் அதில் ரகசியமாக ஒரு கர்வம். அப்படிப்பட்டவன் சொந்தப் பெண் விஷயத்தில் என்ன செய்தேன் என்று கேளுங்கள். முதலில் மூலம் என்று உள்ளதை உள்ளபடி எழுதித்தான் நாலு இடத்துக்கு அனுப்பினேன். நாலு இடத்திலிருந்தும் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. மஹதி மயிலாப்பூரில் கணக்கு டீச்சர், லட்சணமான பெண், வாய் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பெற்ற பெண்ணே நாலு தடவை சிவப்புப் பெயிண்ட் அடித்துத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஐந்தாவதாக உங்கள் பிள்ளையின் ஜாதகத்தைக் கபாலி கொண்டுவந்தார். பார்த்தால், மூத்த பிள்ளை. அவனுக்கு அண்ணன் கிடையாது. கேட்டை நட்சத்திரப் பெண் வந்தால் புருஷனின் அண்ணனுக்குத்தானே ஆகாது என்பார்கள்? இல்லாத அண்ணனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது? மஹதி பிறந்தது கேட்டை முடிந்து அரைமணி கழித்து. ஒரு அரைமணிதானே என்று உங்கள் குடும்பத்துக்கு அளவெடுத்து நட்சத்திரம் தைத்துவிட்டேன். மூலத்துக்கு அந்தப் பக்கம் பூராடம் இருக்கிறது, ஆனால் பூராடத்தில் நூலாடாது என்று அதற்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள், ஆகவே அந்தப் பக்கம் போகவில்லை.

பிறந்த நேரத்தையும் மாற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். விடிகாலை நாலு பத்து. முப்பத்தொரு வருஷம் அளந்ததை அளந்தபடி எழுதிப் பழகின கை, அது மட்டும் வரவில்லை. நேரத்தை நிஜமாகவே விட்டு, நட்சத்திரத்தை மட்டும் பொய்யாக எழுதினேன். யார் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கப்போகிறார்கள்? கபாலிக்கு எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும், கணிக்கத் தெரியாது. ஜலஜாவிடம் காட்டினேன். "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவாளே சொல்லியிருக்கா. நாம ஒண்ணுதானே சொல்றோம்" என்றாள். மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் பின்னாலேயே வரிசையில் நின்றுகொண்டிருந்தது அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மஹதிக்கு இது எதுவும் தெரியாது, தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

இனிமேல்தான் கம்ப்யூட்டர் வருகிறது. ஜலஜாவின் அக்கா பிள்ளை ஷ்ரவண், தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கிறான். ஏழு பேர், நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., அந்த ஏ.சி.யும் கம்ப்யூட்டருக்குத்தான், மனுஷாளுக்கு இல்லை. கல்யாணத் தகவல் மையங்களுக்கென்று ஜாதகப் பொருத்தம் பார்க்கிற புரோகிராம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தான். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் நட்சத்திரம், ராசி, பத்துப் பொருத்தம் எல்லாம் கரகரவென்று அச்சடித்து வெளியே வரும். வெளிநாட்டு ஆர்டர் பிடிப்பதற்கு அவனுக்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வேண்டியிருந்தது, சான்றிதழுக்குத் தரம் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. "சித்தப்பா, நீங்க சும்மாத்தானே இருக்கேள்? பம்பா இருந்தா என்ன, புரோகிராமா இருந்தா என்ன, தப்பு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே" என்றான். தப்பு கண்டுபிடிக்க வேண்டும் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. தர உறுதி மேலாளர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தான். உங்களுக்கும் ஒன்று கொடுத்தேன், தயவுசெய்து அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

போன முதல் நாளே சுவரில் ஒரு பெரிய சார்ட்டு ஒட்டினேன். யார் எழுதின பகுதியில் பிழை வருகிறதோ அவர் பெயருக்கு நேரே சிவப்புப் பொட்டு. பிழைக்கு நம்பர், நம்பருக்கு ஃபாரம், ஃபாரத்துக்கு மூன்று காப்பி. பிறகு பரீட்சைக்குச் சரக்கு வேண்டுமே? விடை தெரிந்த கணக்கைக் கொடுத்தால்தானே கம்ப்யூட்டர் சரியாகப் போடுகிறதா என்று தெரியும்? நம் சொந்தக்காரர்கள் அறுபது பேரின் பிறந்த நேரமும் நட்சத்திரமும் எழுதிக் கொடு என்று ஜலஜாவிடம் சொன்னேன். அவள் சமையலுக்கு நடுவே உட்கார்ந்து, வீட்டிலிருந்த ஜாதகங்களைப் பார்த்து அப்படியே காப்பி பண்ணிக் கொடுத்தாள். ஐம்பத்தொன்பது பேருடையது பழைய ஜாதகம். மஹதியுடையது மட்டும், அலமாரியில் மேலாக இருந்ததால், நான் உங்களுக்கு எழுதினதன் நகல். நேரம் நாலு பத்து, நட்சத்திரம் கேட்டை. அறுபதையும் சரிபார்த்தேன் என்று கடைசியில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

புரோகிராமில் இந்தப் பகுதியை எழுதினவள் ஏஞ்சல் என்கிற பெண். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண், அப்பா மீன் பிடிக்கப் போகிறவர், அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. நான் முகம் சுளிக்கக்கூடாது என்று தன் மீன்குழம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு மரியாதை தெரிந்தவள். அவள் ஒரு நாள் தாளைப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், அறுவதுல அம்பத்தொம்பது கரீட்டா வருது. உங்க பொண்ணு ஒண்ணுதான் ஒதைக்குது. பேப்பர்ல கேட்டைன்னு கீது, மெஷின் மூலம்ங்குது. இன்னா சார் பண்றது?"

ஸ்வாமி, அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் பக்கத்தில் ஷ்ரவண் நின்றுகொண்டிருந்தான். ஷ்ரவணிடம் சொன்னால் அவன் அம்மாவுக்குத் தெரியும். அவன் அம்மாவுக்கு, அதாவது ஜலஜாவின் அக்காவுக்கு, ஒரு சேதி தெரிந்தால் அது நாலு மாட வீதியும் சுற்றிவிட்டுத்தான் நிலைக்கு வரும். நான் தாளை வாங்கினேன், கண்ணாடியைத் துடைத்தேன், "புரோகிராம்ல பிழை. கண்டுபிடி" என்றேன். பிழை எண் நாற்பத்தேழு என்று ஃபாரம் எழுதி, ஏஞ்சல் பெயருக்கு நேரே சிவப்புப் பொட்டையும் நானே வைத்தேன்.

மூன்று நாள் அந்தப் பெண் இல்லாத பிழையைத் தேடினாள். டப்பாவைத் திறக்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்து போயிற்று. பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து, ஜோசியம் என்றால் என்னவென்றே தெரியாத பெண், நாழிகைக் கணக்கெல்லாம் கற்றுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். நான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து வெற்று ஃபாரங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் வந்தாள். "சார், பஞ்சாங்கத்துலகூட மூலம்னுதான் போட்டுக்கீது. ஆனா நீங்க பெத்த பொண்ணு, உங்களுக்குத் தெரியாதா? பஞ்சாங்கம்தான் ராங்குன்னு வெச்சிக்கினு, கேட்டை முடியற டயத்தை ஒரு மணி நேரம் தள்ளி உட்டுட்டேன். எல்லா வருசத்துக்கும் அப்டித்தான் போட்டுக்கீறேன். இப்ப கேட்டை வருது, பாருங்க சார்" என்றாள். பார்த்தேன். வந்தது. கிரகங்களெல்லாம் ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்று என் பொய்க்கு வழி விட்டிருந்தன. நான் பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்காக அவளுடைய தகுதிகாண் காலத்தை ஷ்ரவண் மூன்று மாதம் நீட்டினான். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு மேல் ஒரு கூத்து. சான்றிதழுக்குப் பரிசோதனை பண்ண வந்த அதிகாரி எங்கள் ஃபைல்களையெல்லாம் புரட்டிவிட்டு, நாற்பத்தேழாம் பிழையின் ஃபாரத்தை எடுத்து எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினார். ஒரு பிழையைக் கண்டுபிடித்து, பதிவு பண்ணி, திருத்தி, மேலதிகாரி கையெழுத்து வாங்கினது இப்படித்தான் இருக்கவேண்டும், மற்ற கம்பெனிகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஏஞ்சலும் தட்டினாள். சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு என் நாற்காலிக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது. அதன் கீழே உட்கார எனக்கு முதுகு கூசும், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். ஆடி மாதம் இருபத்துமூன்று தகவல் மையங்களுக்கு ஃப்ளாப்பி போயிற்று.

ஐப்பசியில், தீபாவளி கழிந்த மறுவாரம், சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் படியேறி வந்தார். கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எங்கள் புரோகிராம் அச்சடித்த தாள். புகார் என்றதும் நான் வழக்கப்படி ஃபாரத்தைக் கொடுத்து மூன்று காப்பி எழுதச் சொன்னேன். பாவம், எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "சார், என் பொண்ணு ஹம்சினிக்கு மூலம். நாங்க எங்கேயும் மறைக்கலை. மூலம்னா மூலம்னுதான் சொன்னோம். பன்னெண்டு இடம் தட்டிப்போச்சு. பதிமூணாவதா வடபழனியில ஒரு பையன், அப்பா இல்லை, அவாளுக்கு மூலம் ஒரு தடையில்லைன்னு எல்லாம் கூடி வந்தது. பொருத்தம் ஒரு தடவை பார்த்துடலாம்னு மையத்துக்குப் போனா, உங்க மெஷின் கேட்டைன்னு அடிச்சுக் குடுத்திருக்கு. அந்தப் பையனுக்கு அண்ணன் இருக்கான். 'நட்சத்திரத்தையே மாத்திச் சொல்ற குடும்பத்துல பொண்ணு எடுக்கமாட்டோம்'னு எழுந்து போயிட்டா. நான் மாத்துவேனா சார்? மாத்தறதா இருந்தா பன்னெண்டு இடம் ஏன் போகவிடறேன்?" என்று கேட்டுவிட்டு, என் மேஜை மேலேயே கையை ஊன்றிக்கொண்டு அழுதார்.

ஃபாரத்தில் பிறந்த நேரத்தைப் பார்த்தேன். கேட்டை முடிந்து இருபதாவது நிமிஷம். எனக்கு வேறு கணக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பொய் சொல்லாத மனுஷனைப் பொய்யன் என்று சொல்லவைத்திருக்கிறது என் பொய். அதுவும் அதே பொய். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஷ்ரவணையும் ஏஞ்சலையும் கூப்பிட்டு, நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஷ்ரவண் தலையில் கையை வைத்துக்கொண்டு, "சித்தப்பா, இருபத்துமூணு எடத்துக்குப் போயிடுத்தே! சர்ட்டிஃபிகேட் வேற மாட்டியாச்சே!" என்றான். அந்தப் பெரியவர் என்னையே பார்த்தார். பிறகு ஏஞ்சல் சொன்னாள்.

"எங்க நைனா வலையில ஓட்டை இருந்தா, ஓட்டை கீதுன்னு சொல்லிக் குடுக்கும், தெச்சுடுவேன். நீங்க ஓட்டையே இல்லாத வலையக் குடுத்து மூணு நாளு தெக்கச் சொல்லிட்டீங்களே சார். எனக்கு மூளை இல்லையோன்னு மாதா கோயில்ல போய் அழுதேன் சார்."

அதைக் கேட்டபோது இந்த வயதில் எனக்கு எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை. சார்ட்டில் அவள் பெயருக்கு நேரே இருந்த பொட்டைச் சுரண்டி எடுத்து, என் பெயரை எழுதி அதற்கு நேரே ஒட்டினேன். அவளுடைய மூன்று மாதத்தை ஷ்ரவண் ரத்து பண்ணிவிட்டான். ஒரு மணி நேரத்தை நீக்குவதற்கு ஏஞ்சலுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புது ஃப்ளாப்பியைத் தபாலில் அனுப்பலாம் என்றார்கள், நான்தான் கேட்கவில்லை, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஒவ்வொரு மையமாக நானே போனேன். ஒவ்வொரு இடத்திலும் தப்பு எப்படி வந்தது என்று கேட்டார்கள், ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் காபி கொடுத்தார், ஒருவர் என் விசிட்டிங் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவரோடு வடபழனிக்கும் போய், பையனின் அம்மா முன்னால் நின்று, மாற்றினவன் இவர் இல்லை, நான் என்று சொன்னேன். அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள், மறுபடி பேசலாம் என்றார்கள். இப்போது ஹம்சினிதான், அவசரப்பட்டு எழுந்து போகிறவர்கள் வீட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கிறாளாம். யோசிக்கட்டும்.

இருபத்திரண்டு மையம் முடிந்துவிட்டது. பாக்கி ஒன்று, எங்கள் மந்தைவெளி கபாலியுடையது. அதை ஏன் கடைசிக்கு வைத்தேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். லக்னப் பத்திரிகைக்காக இரண்டு ஜாதகத்தையும் புதிதாக அச்சடித்துத் தரச்சொல்லி நீங்கள் அவரிடம் கேட்டிருக்கிறீர்கள், வியாழக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார். புதன்கிழமை நான் ஃப்ளாப்பியைக் கொடுத்துவிடுவேன். அப்புறம் நாலு பத்து என்று தட்டினால் மூலம் என்று வரும். கொடுக்காமல் இருந்துவிடலாமே என்று ஜலஜா ஒரு தடவை சொன்னாள். நானும் ஒரு ராத்திரி அப்படி நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் இன்னும் எத்தனை ஹம்சினி இருக்கிறாளோ? போதாக்குறைக்கு ஷ்ரவண் அம்மா தன் வேலையைக் காட்டிவிட்டாள். நேற்று தெற்கு மாட வீதியில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், காய்காரம்மா, "இன்னா சாமி, பொண்ணுக்கு மூலமாமே?" என்கிறாள். கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். காய்காரம்மாவுக்குத் தெரிந்தது சம்பந்திக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன்.

இனி உங்கள் முடிவு. வேண்டாம் என்றால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், சத்திரத்துக்கு நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். யாராவது ஏன் நின்றுபோயிற்று என்று விசாரித்தால், பெண்ணின் நட்சத்திரம் சரியில்லை என்று சொல்லாதீர்கள். பெண்ணின் அப்பா சரியில்லை என்று சொல்லுங்கள். குறை என்னிடம்தான். அவள் நாலு பத்துக்குப் பிறந்தாள், அது அவள் செய்த தப்பா? நாலு இடம் திருப்பினபோது அந்தக் குழந்தை முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவை அவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனதில் தெம்பு இல்லை, அதனால்தான் மாற்றினேன். அது சமாதானம் ஆகாது என்று எனக்குத் தெரியும். என் கையிலேயே அப்படி ஒரு சரக்கு வந்திருந்தால் சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பேன்.

மாமிக்கு என் நமஸ்காரம். சிரஞ்சீவி ஸ்ரீவத்சன், மாப்பிள்ளையாக வந்தாலும் வராவிட்டாலும், நீண்ட ஆயுளோடும் அவன் அப்பா அதைவிட நீண்ட ஆயுளோடும் இருக்கவேண்டும் என்று அனேக ஆசீர்வாதம். தேவரீர் க்ஷமிக்கவேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
ரங்கபாஷ்யம்

பின்குறிப்பு: வெளியே போகிற எந்தக் காகிதத்தையும் இரண்டாவது ஆள் ஒருவர் படித்துப் பார்க்கவேண்டும் என்பது நானே போட்ட விதி. எப்படியும் தெரியத்தானே போகிறது என்று மஹதியைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். படித்து முடித்துவிட்டு அவள், "அப்பா, அந்த ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்துண்டு வான்னு என்கிட்டதானே குடுத்தேள்?" என்றாள். ஆமாம், அவளிடம்தான் கொடுத்தேன். சித்திரையில் நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, நானும் ஜலஜாவும் கேசரி எடுத்துவர உள்ளே போயிருந்த நேரத்தில், தனக்கு மூலம் என்று உங்கள் எல்லோரிடமும் அவள் சொல்லிவிட்டாளாம். நீங்கள் சிரித்துவிட்டு, "நேக்கு ஷுகர் இருக்கு, பி.பி. இருக்கு, மூலத்துக்கு முறை வர நாளாகும்மா. உங்கப்பா தானா எப்போ சொல்றார்னு பார்க்கலாம், நீ சொல்லாதே" என்றீர்களாம்.

ஏழு மாதம், ஸ்வாமி! நிச்சயதார்த்தத்தன்று என்னைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தோளில் கையைப் போட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டீர்களே, நான் இன்னொரு டம்ளர் காபி கிடைக்குமா என்றேனே. அது பரீட்சை என்று எனக்கு எப்படித் தெரியும்? காபியும் நீங்களே எடுத்துவந்து கொடுத்தீர்கள். ஆகவே மேலே எழுதியிருப்பதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, ஆறு பக்கமும் வீண். மாட்டிக்கொண்ட பிறகு எழுதினதால் இதற்குப் பாஸ் போடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை.

"அதைக் கிழிச்சுப் போட்டுட்டு நேர்ல போய்ச் சொல்லுங்கோப்பா, பஸ் ஏறினா கால்மணிதான்" என்கிறாள் மஹதி. அவள் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன்.